இரண்டரை நிமிடப் பாட்டிலிருந்து ஒரு நாவலுக்கு

இலக்கியத்துக்குள் எப்படி வந்தீங்க என்று கேட்டால் நம்மாட்கள் பெரும்பாலும் சுஜாதா, பாலகுமாரன், ஜானகிராமன் என்று ஒரு வரிசை சொல்வார்கள். என் கதை கொஞ்சம் கோணல். பி.காம் முடித்து, வங்கித் தேர்வு எழுதி, வேலைக்கு வந்தவன் நான். அதுவரை படித்ததிலேயே தடிமனான புத்தகம் காஸ்ட் அக்கவுண்டன்சி. காம்யு, சார்த்ர், தஸ்தயேவ்ஸ்கி எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது ராக் பாட்டு வழியாக. அதுவும் ஷில்லாங்கில்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2006இல் என்னை அங்கே மாற்றினார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: நம்ம டீக்கடைக்கு இளையராஜா எப்படியோ, ஷில்லாங்குக்கு ராக் இசை அப்படி. பாப் டிலனின் பிறந்தநாளான மே 24ஐ 1972இலிருந்து பாட்டுக் கச்சேரி வைத்துக் கொண்டாட ஆரம்பித்த லூ மஜா என்கிற பாடகரின் ஊர் அது. எனக்கோ ஏ.ஆர்.ரஹ்மானைத் தாண்டி எதுவும் தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மழை வேறு. வீட்டு ஓனரின் மகன் கிடார் வாசிக்கிற பையன். என் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நூற்றுச் சொச்சம் பாட்டு அடங்கிய ஒரு எம்பி3 சிடி எழுதிக் கொடுத்தான். அதில் ஒன்றுதான் 'தி க்யூர்' என்ற ஆங்கிலக் குழுவின் 'கில்லிங் ஆன் அரப்'.

பாட்டு மொத்தமே இரண்டரை நிமிடம்கூட இருக்காது. ஆரம்பத்தில் அரபு வாசனை அடிக்கிற மாதிரி ஒரு கிடார் சுருள், அப்புறம் படபடவென்று டிரம்ஸ். ஒரு தடவை கேட்டால் ரெண்டு நாளைக்கு மண்டையில் ஓடும். தலைப்பு மட்டும் உறுத்தியது. பையனிடம் கேட்டேன். "அண்ணா, அது ஒரு நாவல். பிரெஞ்சு. பாட்டுக்காரன் ஸ்கூல்ல படிச்சிருக்கான்" என்றான். அவன் அந்த நாவலைப் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் சொன்னது சரி.

ராபர்ட் ஸ்மித் 1959இல் பிறந்தவர். லண்டனுக்குத் தெற்கே க்ராலி என்ற ஊரில் பள்ளிக்கூட நண்பர்களோடு சேர்ந்து குழு ஆரம்பித்தவர். லால் டால்ஹர்ஸ்ட் டிரம்ஸ், மைக்கேல் டெம்ப்ஸி பேஸ். 1978 டிசம்பரில் 'ஸ்மால் ஒண்டர்' என்ற குட்டி லேபிளில் இந்தப் பாட்டை முதல் சிங்கிளாகப் போட்டார்கள். 1979 பிப்ரவரியில் 'ஃபிக்‌ஷன்' லேபிள் மறுபடி வெளியிட்டது. அப்போது ஸ்மித்துக்கு வயது 19. அந்த வயசில் நான் டெபிட் கிரெடிட் டேலி ஆகாமல் முழித்துக்கொண்டிருந்தேன். ஆல்பெர் காம்யுவின் 1942ஆம் வருட நாவலில் கடற்கரையில் நடக்கும் கொலை இருக்கிறதே, அந்த ஒரு காட்சியைத்தான் பாட்டாக்கியிருக்கிறார். நாவலின் முக்கியமான கணங்களைச் சுருக்கிச் சொல்கிற முயற்சி என்றுதான் அவரும் விளக்கினார்.

பத்தொன்பது வயசுப் பையனுக்கு காம்யு எப்படிக் கிடைத்தார் என்பது தனிக் கதை. பிரிட்டனில் பெங்குயின் 1935லேயே ஆறு பென்ஸுக்குக் காகித அட்டைப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டது. 1961இல் 'மாடர்ன் கிளாசிக்ஸ்' வரிசை வந்தது. காஃப்கா, காம்யு, சார்த்ர் எல்லாரும் பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்கிற அளவுக்கு ஆனார்கள். பல்கலைக்கழகம் போகாத பையன்களும் பொது நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். அதே தலைமுறைதான் 1976-80இல் கிடாரைக் கையில் எடுத்தது. மான்செஸ்டரில் 1976இல் தொடங்கிய ஒரு குழு, காம்யுவின் 1956ஆம் வருட நாவலின் பெயரையே எடுத்து 'தி ஃபால்' என்று வைத்துக்கொண்டது. 'மேகஸின்' குழுவின் ஹோவர்ட் டெவோட்டோ, தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புக'ளை (1864) மனதில் வைத்து 1980இல் ஒரு பாட்டு எழுதினார். 'ஜாய் டிவிஷன்' குழுவின் இயன் கர்ட்டிஸ் ஒரு பாட்டுக்கு கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' தலைப்பையும், இன்னொன்றுக்கு பாலர்டின் புத்தகத் தலைப்பையும் வைத்தார்.

இந்தக் கர்ட்டிஸ் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. மனுஷர் பகலில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உத்தியோகம். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தருகிற பிரிவு. ராத்திரி மேடை. காஃப்காவும் 1908இலிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஃபைல் பார்த்தவர்தானே. மேசை உத்தியோகம் பார்க்கிறவனுக்கும் இந்த மாதிரி எழுத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் 31 ராத்திரிகளில் எனக்குத் தோன்றும். கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அதைப் பெரிய காவியமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வலிப்பு நோயும் மன அழுத்தமும் உள்ள ஒரு பையனை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நாவலுக்கு வருகிறேன். தமிழில் வெ. ஸ்ரீராம் நேரடியாக பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து க்ரியா 1980இல் 'அந்நியன்' என்று வெளியிட்டது என்று தெரிந்துகொண்டு, சென்னையில் இருந்த மச்சானுக்கு போன் போட்டு "அந்நியன் வாங்கி அனுப்புடா" என்றேன். பத்து நாளில் கூரியர் வந்தது. பிரித்தால் விக்ரம் படத்து டிவிடி! அப்புறம் விளக்கிச் சொல்லி, திட்டு வாங்கி, ஒரு மாசம் கழித்துதான் புத்தகம் கைக்கு வந்தது.

ரெண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். மெர்சோ என்று ஓர் ஆள், அல்ஜியர்ஸ் நகரத்தில் குமாஸ்தா. அம்மா முதியோர் இல்லத்தில் இறந்துபோகிறாள். போய் அடக்கம் செய்துவிட்டு வருகிறான், அழவில்லை. மறுநாள் கடலில் குளிக்கிறான், மரியைச் சந்திக்கிறான், ரெண்டு பேரும் ஃபெர்னாந்தெலின் சிரிப்புப் படம் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு ரெமோனின் தகராறு ஒன்றில் மாட்டி, கொளுத்தும் வெயிலில் கடற்கரையில் ஓர் அரபுக்காரனைச் சுட்டுவிடுகிறான். ஒரு குண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் நான்கு. வழக்கு நடக்கிறது. ஆனால் கோர்ட்டில் குடைந்து குடைந்து கேட்பதெல்லாம் நீ ஏன் அம்மா சாவுக்கு அழவில்லை, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் காபி குடித்தாய், ஏன் சிகரெட் பிடித்தாய் என்பதுதான். கடைசியில் மரண தண்டனை.

எனக்குத் தலைகால் புரியவில்லை, கிறுகிறுத்துப் போனது. நம்மூர் எழவு வீட்டில் அழாமல் நின்றால் என்ன பேச்சு கிடைக்கும் என்று அனுபவித்தவன் நான். அப்பா போனபோது எனக்கும் அழுகை வரவில்லை, பந்தல்காரனிடம் ரேட் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதனால் மெர்சோ எனக்கு சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆபீஸில் வவுச்சர் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பேன்.

அங்கேதான் சிக்கல். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்தவர் சில்சார் பக்கத்திலிருந்து வந்தவர், முஸ்லிம், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை தாதா என்றுதான் கூப்பிடுவேன் (நம்மூர் தாதா இல்லை, அங்கே அண்ணன் என்று அர்த்தம்). ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஹிந்தியில் கேட்டார்: "சார், ரெண்டு வாரமா பாடறீங்களே, அதுல என்ன வருது? அரபுக்காரனைக் கொல்றதா?" குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் காது சிவந்துவிட்டது. அது 2006ஆம் வருஷக் கடைசி. மும்பை ரயில் குண்டுவெடிப்பு முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, தாடி வைத்தவர்களை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்த சமயம். "ஐயோ தாதா, அது இனவெறிப் பாட்டு இல்லை, பெரிய நாவல், நோபல் பரிசு வாங்கினவர் எழுதினது" என்று கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ரொட்டியை மென்றுகொண்டே, "உஸ்கா நாம் க்யா தா?" என்றார்.

"மெர்சோ."

"சுட்டவன் பேரைக் கேக்கலை சார். செத்தவன் பேரு."

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். ராத்திரி பதினோரு மணி வரை தேடினேன். பெயரே இல்லை. அரபுக்காரன், அவ்வளவுதான். கேஒய்சி பார்த்தே கண் பூத்துப்போன நான், ஒருத்தன் பெயரே இல்லாமல் செத்துப்போனதைக் கவனிக்கவில்லை. மறுநாள் தாதாவிடம் சொன்னேன். "ம்" என்றதோடு சரி, டோக்கன் எண்ணப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பாட்டின் வரலாற்றை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். என் கிளையில் நடந்தது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. பாட்டு வந்த புதிதிலேயே கறுப்பர்களையும் ஆசியர்களையும் வெறுத்த 'நேஷனல் ஃப்ரண்ட்' ஆட்கள் அது தங்கள் பாட்டு என்று நினைத்துக்கொண்டு கச்சேரிகளுக்கு வந்து கலாட்டா செய்தார்கள். 1986இல் அமெரிக்காவில் 'ஸ்டாண்டிங் ஆன் எ பீச்' என்ற தொகுப்பில் இந்தப் பாட்டு முதலாவதாக வந்தபோது ஒரு கல்லூரி வானொலியில் அரபுக்காரர்களைக் கிண்டல் செய்து ஒலிபரப்பினார்கள். அங்கிருந்த அமெரிக்க-அரபு பாகுபாட்டு எதிர்ப்புக் குழு போராடியது. கடைசியில் தொகுப்பின் உறைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: பாட்டில் இனவெறி நோக்கம் எதுவும் கிடையாது, அந்த மாதிரி வெறுப்பை அது கண்டிக்கிறது என்று. வானொலிகள் இதைப் போடவேண்டாம் என்று ஸ்மித்தே கேட்டுக்கொண்டார். 1991 வளைகுடாப் போரிலும், 2001க்குப் பிறகும் மறுபடி அதே தலைவலி. 2005இல் மேடையில் 'கில்லிங்' போய் 'கிஸ்ஸிங்' ஆனது. பிறகு 'கில்லிங் அனதர்' என்று மாற்றிப் பாடினார்கள்.

ஸ்மித் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசில்லை. நாவல் படித்தவனுக்கு மட்டுமே புரிகிற ஒரு தலைப்பை, நாவல் படிக்காத லட்சம் பேர் கேட்கிற இடத்தில் வைத்துவிட்டார். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினதால் தாதா கேட்ட கேள்விக்கு பதில் கிடைத்துவிடாது. அந்தக் கேள்வி பாட்டைத் தாண்டி காம்யு வரைக்கும் போகிறது.

இத்தனைக்கும் காம்யு ஒன்றும் தெரியாதவர் இல்லை. அல்ஜீரியாவிலேயே 1913இல் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரில் இறந்தவர், அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார். 1939 ஜூனில் 'அல்ஜெ ரெப்யுப்ளிகேன்' பத்திரிகைக்காக கபிலிய மலைப்பகுதிக்குப் போய், அங்கத்திய பஞ்சத்தைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதியவர். பிரெஞ்சு ஆட்சியை நேருக்கு நேர் குற்றம் சாட்டிய எழுத்து அது. அப்படிப்பட்டவர் மூன்று வருடத்தில் எழுதிய நாவலில் அரபுக்காரனுக்குப் பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. மெர்சோவின் பார்வையே அப்படித்தான், அதைத்தான் காம்யு காட்டுகிறார் என்று ஒரு கட்சி. எட்வர்ட் சயீத் மாதிரி ஆட்கள் (1993இல் எழுதினார்) அது ஆண்டவர்களின் குருட்டுத்தனம் என்றார்கள். நான் எந்தக் கட்சி என்றால், வாரத்தின் எந்த நாள் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது :-)

பாட்டிலிருந்து நாவலுக்குப் போகிறது மட்டுமில்லை, நாவலுக்குள்ளேயே பாட்டு இருக்கிறது என்று அடுத்து கண்டுபிடித்தேன். சார்த்ரின் 'குமட்டல்' (1938). ல ஆவ்ர் துறைமுகத்தில் வாத்தியாராக இருந்தபோது எழுத ஆரம்பித்தது. ஆந்த்வான் ரோகந்தேன் என்ற ஆள் எதைப் பார்த்தாலும், ஒரு கூழாங்கல்லையோ மரத்தின் வேரையோ பார்த்தாலும், குமட்டல் எடுத்து அவதிப்படுகிறான். அவனுக்கு இதமாக இருப்பது ஒன்றே ஒன்று, ஒரு காபிக் கடையில் கிராமபோனில் ஓடும் 'சம் ஆஃப் தீஸ் டேஸ்' என்கிற பழைய அமெரிக்கப் பாட்டு. நாவலின் முடிவிலும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அதையே கேட்கிறான். நியூயார்க்கில் புழுக்கத்தில் உட்கார்ந்து ஒரு யூதர் அதை எழுதியிருப்பார், ஒரு கறுப்பினப் பெண் பாடுகிறாள் என்று கற்பனை செய்கிறான். அவர்கள் ரெண்டு பேரும் அதனால் தப்பித்துவிட்டார்கள், நானும் ஒரு புத்தகம் எழுதினால் என்ன என்று தோன்றுகிறது அவனுக்கு.

உண்மை என்ன தெரியுமா? அந்தப் பாட்டை 1910இல் எழுதியவர் ஷெல்டன் புரூக்ஸ், கனடாவில் பிறந்த கறுப்பினத்தவர். பாடிப் பிரபலமாக்கியவர் சோஃபி டக்கர், யூதப் பெண். அப்படியே தலைகீழ்! சார்த்ருக்குத் தெரியாதா, தெரிந்தே ரோகந்தேனைத் தப்பாக நினைக்கவிட்டாரா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். எனக்கு இதில் பட்டது வேறு. இங்கேயும் அந்த ரெண்டு பேருக்கு நாவலில் பெயர் கிடையாது. யூதர், கறுப்புப் பெண். ஆசை ஆசையாக நினைத்துப் பார்க்கிறான், பெயரை மட்டும் கேட்கவில்லை. ரெக்கார்டின் நடுவில் லேபிளில் அச்சடித்திருப்பார்களே!

போருக்குப் பிறகு பாரிஸில் இந்தத் தத்துவமே பாட்டாகிவிட்டது. ஜூலியெத் கிரெகோ என்று ஒரு பெண். 1943இல் அம்மாவையும் அக்காவையும் கெஸ்டபோ பிடித்து ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பியது. இவளுக்கு 16 வயது, சின்னப் பெண் என்று ஃப்ரேன் சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள். கையில் காசில்லை, உடுத்தத் துணியில்லை. ஆண் நண்பர்கள் கொடுத்த பெரிய சைஸ் கால்சட்டை, கோட்டு இதையெல்லாம் மடித்துப் போட்டுக்கொண்டு சேன் ஜெர்மேன் பகுதியில் சுற்றினாள். பிறகு அதுவே 'எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட் ஃபேஷன்' ஆனது! 1947இல் தொஃபின் தெருவில் 'தபு' என்ற நிலவறை கிளப் திறந்தது. எழுத்தாளர் போரிஸ் வியான் அங்கே ட்ரம்பெட் ஊதுவார். தன் நாவலில் சார்த்ரை 'ழான்-சோல் பார்த்ர்' என்று பெயர் மாற்றிக் கலாய்த்தவர் அவர். சார்த்ர் கிரெகோவுக்குப் பாடக் கொடுத்த பாட்டு, முதலில் தன் நாடகத்துக்காக எழுதி வைத்திருந்தது. அந்த நாடகமும் நம்ம ஸ்ரீராம் புண்ணியத்தில் 'மீள முடியுமா?' என்று தமிழில் இருக்கிறது. கிரெகோ 2020 செப்டம்பரில் இறந்தபோது பழைய பாட்டுகளை எல்லாம் ஒரு ராத்திரி கேட்டேன். பிரெஞ்சு ஒரு வார்த்தை புரியாது. பரவாயில்லை என்று தோன்றியது.

ஷில்லாங்கை விட்டு வந்து நாலைந்து ஊர் மாறிவிட்டேன். 2015இல் ஒரு ரயில் நிலையப் புத்தகக் கடையில் 'தி மெர்சோ இன்வெஸ்டிகேஷன்' என்ற தலைப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அல்ஜீரியப் பத்திரிகையாளர் கமெல் தாவூத் எழுதியது. 2013இல் அல்ஜீரியாவிலும் 2014இல் பிரான்ஸிலும் வந்தது. செத்துப்போன அரபுக்காரனின் தம்பி ஹாரூன், வயதான காலத்தில் ஓரான் நகரத்து மதுக்கடையில் உட்கார்ந்து சொல்கிற கதை. என் அண்ணனைக் கொன்றவன் உலகப்புகழ் அடைந்துவிட்டான், என் அண்ணனுக்குப் பெயர்கூட மிச்சமில்லை என்பதுதான் அவன் வாழ்நாள் வழக்கு. அம்மா செத்தவனின் உடல் கிடைக்காமல், துண்டுப் பேப்பர்களை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறாள்.

இதை வெறும் பதிலடிப் புத்தகம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அப்படி இல்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்த சமயத்தில் ஹாரூனும் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். அவனைப் பிடித்து விசாரிக்கும் அதிகாரி, ஏன் கொன்றாய் என்று கேட்கவில்லை. ஏன் விடுதலைக்கு முன்னாடியே கொல்லவில்லை, ஏன் போராட்டத்தில் சேரவில்லை என்று சத்தம் போடுகிறார். அம்மா சாவுக்கு அழாத மெர்சோவின் கோர்ட் அப்படியே திரும்பி வருகிறது, நாற்காலியில் வேறு ஆட்கள், அவ்வளவுதான். தாவூதுக்கு ஒரு மதகுருவிடமிருந்து 2014 டிசம்பரில் கொலை மிரட்டல் வந்தது. மறு வருடம் முதல் நாவலுக்கான கோன்கூர் பரிசும் வந்தது. (2024இல் பெரிய கோன்கூரே வாங்கிவிட்டார், அது வேறு நாவலுக்கு.)

தாதா அதற்குள் ரிடையர் ஆகி சொந்த ஊருக்குப் போயிருந்தார். நம்பர் வைத்திருந்தேன். அன்று ராத்திரி ரயிலிலிருந்தே கூப்பிட்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை, அப்புறம் "மதராஸி சாப்!" என்று கத்தினார். பென்ஷன், முட்டி வலி, பேத்தி எல்லாம் விசாரித்துவிட்டு, "தாதா, அந்தக் கதையில செத்தவன் பேரு தெரிஞ்சிடுச்சு. மூஸா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"யாரு வெச்சாங்க?"

"இன்னொருத்தர். அந்த ஊர்க்காரர்."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

மனசுக்குள் கழித்துப் பார்த்து, "எழுபத்தோரு வருஷம்" என்றேன்.

"எழுபத்தோரு வருஷமா ரீகன்சைல் ஆகாத என்ட்ரியா சார்!" என்று சிரித்தார். அப்புறம் லைஃப் சர்டிஃபிகேட்டை வேறு கிளையில் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன்.